வாட்டு மாடியில் காய்ந்த மாவுக்கட்டு

1957 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் எழுந்து மலைத் தண்ணீர் விழும் பீலியில் முகம் கழுவினேன். வெறும் தேத்தண்ணீர் குடித்து, ரொட்டியையும் சம்பலையும் துணியில் முடிந்துகொண்டு இஸ்டோருக்கு ஏறினேன். தேயிலைத் தொழிற்சாலையை அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதன் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில் எனக்கு வேலை. முதல்நாள் பறித்த கொழுந்து சாக்குத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பப்பட்டு இரவெல்லாம் கிடந்து வாடியிருக்கும். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்த்தேன். கையை விரித்தபோது அது உதிராமல் பந்தாக நின்றது, வாட்டம் சரி. சுவரில் தொங்கும் இரட்டை வெப்பமானிகளைப் படித்துப் பலகையில் எழுதினேன். ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்று எவ்வளவு காய்ந்தது என்பதைச் சொல்லும். வாடிய கொழுந்தைக் கீழே உருட்டும் மெஷினுக்கு இறக்கினோம். தட்டுகளைக் கூட்டித் துடைத்தோம். காலை நிறுவைக் கொழுந்து வந்ததும் பரப்பினோம். மழைக்காலம் ஆகையால் அடுப்பின் சூட்டுக் காற்றை விசிறியால் மேலே இழுக்க வைத்தேன்.

எல்லாச் செவ்வாய்க்கிழமையும் போன்ற வேலைதான். ஆனால் அன்று பிற்பகல் என் மகளை அந்த மாடிக்குக் கொண்டுவர இருந்தேன். கொண்டுவரக் கூடாது என்று இஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சனிக்கிழமையே சொல்லியிருந்தார்.

அவள் அந்த வருடம் மார்ச் மாதத்தில் பிறந்தவள். பிறந்தபோதே இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருந்தது. மருத்துவச்சி குழந்தையைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு வெந்நீர்ப் பானையைக் கழுவப் போனாள். தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து பார்த்தார். பிறவிக் கோளாறு, இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை, வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார். வளர்ந்த பிறகு எதைப் பார்ப்பது? இந்த மலையில் கொழுந்தெடுக்க நிரை பிடித்து ஏற முடியாத பெண்ணுக்குப் பேர் விழாது. பேர் என்றால் ஒரு நாள் கூலி. என் மகள் கொழுந்து எடுக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. எடுக்க வேண்டாம் என்றால், அதை அவள் சொல்ல வேண்டும். அவள் கால் சொல்லக் கூடாது. இதுதான் என் எண்ணம்.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மனைவி வயிற்றோடு இருக்கும்போது புருஷன் எதையும் முறுக்கவோ திருகவோ கூடாதாம். நான் இஸ்டோரில் கொழுந்தைத் திருகித் திருகித்தான் பிள்ளையின் கால் திருகிக்கொண்டதாம். இதைப் பக்கத்துக் காம்பராக்காரி, அடுத்த அறையில் குடியிருப்பவள், என் மனைவியிடமே சொன்னாள். நான் திருகுவதில்லை, பரப்புவதோடு என் வேலை முடிந்தது என்று விளக்க வாய் திறந்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"மெஷினுல உருட்டுறவருக்கு ஆறு புள்ளைங்க. ஆறும் ஓடுது. உங்க வீட்டுக் கோழியத்தான் அதுங்க தொரத்துதுங்க, பாக்கலியா அக்கா?"

அதற்குப் பிறகு அந்தக் காரணம் எங்கள் காதுபடச் சொல்லப்படவில்லை.

நுவரெலியாவில் செவ்வாய்தோறும் ஓர் எலும்பு வைத்தியர் குழந்தைகளைப் பார்க்கிறார் என்று காய்கறி லொறிக்காரர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முதல் தடவை நானும் போனேன். சீமையில் படித்துவிட்டு வந்த சிங்களவர், என்னைவிட இளையவர். பாதத்தைக் கையில் எடுத்து, அழுத்தாமல், களிமண்ணை வனைவதுபோல் மெல்லத் திருப்பினார். குழந்தை அழவில்லை. பிறகு வெள்ளைத் தாளில் அந்தப் பாதத்தை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். எதற்கு என்று சிங்களத்தில் கேட்டேன். கேட்டதற்காக அவர் கோபிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு வளர்ந்த பிறகு கத்தி வைப்பதே பெரும்பாலும் வழக்கம் என்றார். ஆனால் எலும்பு இளசாக இருக்கும்போதே வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, திருப்பிய நிலையில் மாவுக்கட்டுப் போட்டு வந்தால் கத்தி இல்லாமலே சரியாகலாம் என்று வெளிநாடுகளில் சிலர் செய்துவருகிறார்கள். அதை இங்கே, இந்தக் குளிரிலும் மழையிலும் செய்து பார்க்கிறேன் என்றார். பிறந்த கையோடு வந்தவர்கள், தாமதித்து வந்தவர்கள் என்று பிரித்து, ஒவ்வொரு பாதத்தையும் வாரா வாரம் தாளில் வரைந்து ஒப்பிடுகிறாராம். நிச்சயம் சரியாகும் என்று என்னால் சொல்ல முடியாது, தெரிந்துகொள்ளத்தான் இதைச் செய்கிறேன் என்றார். நிச்சயம் இல்லை என்பதை ஒரு படித்தவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுவே முதல் தடவை. அந்த ஒரு வார்த்தையால் அவரை நம்பினேன்.

ஒவ்வொரு செவ்வாயும் என் மனைவிக்குப் பேர் போனது. கங்காணி முணுமுணுத்தார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். மழைக்காலம் பிடித்ததும் தாங்க முடியாமல் போனது ஈரம்.

மாவுக்கட்டு போட்டதும் கல்லாகிவிடுவதில்லை. மேலே பிடித்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அது முழுக்கக் காயும் வரை நசுங்காமல், நனையாமல் வைத்திருக்க வேண்டும். முந்தின செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நல்ல மழை. மனைவி தன் கம்பளியை எடுத்துக் குழந்தையின் காலில் இறுக்கிச் சுற்றினாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்கு முதுகில் போடும் கறுப்புக் கம்பளி அது. எங்கள் ஆட்களுக்கு மழைக்கு மருந்து அது ஒன்றுதான். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். கம்பளி வெளித் தண்ணீரைத் தடுத்தது. உள் ஈரத்தையும் வெளியே விடவில்லை. இரவு முழுவதும் கட்டு ஆவியில் வெந்த மாதிரி கிடந்து இளகிவிட்டது. மறுநாள் அடுப்பருகே வைத்தோம். மேல்தோல் காய்ந்து பொரிந்தது, உள்ளே கூழ். கால் அதற்குள்ளேயே நழுவிப் பழையபடி திரும்பிக்கொண்டது. குதிகாலில் தோல் உரிந்து புண்ணாயிற்று.

அடுத்த செவ்வாய் வரை காத்திராமல் உடனே தூக்கிக்கொண்டு போனோம். வைத்தியர் கட்டை வெட்டி எடுத்து, புண்ணுக்கு மருந்து போட்டார். செவ்வாய்க்கிழமைக்குள் புண் ஆறினால் புதிய கட்டு போடுகிறேன் என்றார். அதுவும் இப்படி ஆனால் இந்தக் குழந்தையை என் கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது, தோல் தாங்காது, வளர்ந்த பிறகு கத்திதான் என்றார். அவர் திட்டவில்லை. கட்டைக் காற்றாட விடுங்கள், காய்ந்த காற்று படட்டும், நெருப்பில் காட்டாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது என்ற வார்த்தை பஸ்ஸில் வரும்போதெல்லாம் என்னோடு வந்தது. நாடு சுதந்திரம் பெற்ற வருடமே தோட்டத் தமிழர்களான எங்களை ஒரு கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் இந்த மலையில் பிறந்தவன். இந்த நாட்டின் பிரஜை இல்லை என்றார்கள். அந்தக் கணக்கை எழுதியவர்களை நான் பார்த்ததுகூட இல்லை. இந்தக் கணக்கு அப்படியல்ல. இதில் என் மகளின் பாதம் பென்சில் கோடாக இருக்கிறது. இதிலிருந்து அவளை எடுக்க நான் விடுவதாக இல்லை.

காய்ந்த காற்று என்றார் வைத்தியர். ஜூன் மாதத்தில் அக்கரப்பத்தனையில் காய்ந்த காற்றா? லயத்துச் சுவரைத் தொட்டால் கை நனையும். துவைத்த சேலை நாலு நாள் கொடியில் கிடக்கும். வியாழக்கிழமை காலையில் வழக்கம்போல் வெப்பமானிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு வந்தது. இந்த மலை முழுவதிலும் காய்ந்த காற்று ஓடும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு அதை எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை டீமேக்கர் ஐயாவிடம் அனுமதி கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்கும் நாக்கும்தான் அவர் பிழைப்பு. தேயிலை அக்கம்பக்கத்து வாசனை எதையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் வாட்டு மாடிக்கு வருபவர்கள் பூ வைக்கக் கூடாது, வாசனைச் சோப்புப் போடக் கூடாது, சுருட்டுக் குடித்துவிட்டு ஏறக் கூடாது என்று வைத்திருந்தார். அது சரியான சட்டம்தான். நானே பலரைப் படியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கைக்குழந்தை என்றதும் அவர் மறுபடி கேட்கக்கூட இல்லை. கூடாது என்றார்.

களவாகக் கொண்டுவருவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். என் மகள் களவுப் பொருள் அல்ல. பின்படி வழியாக அல்ல, நிறுவைத் தராசு நிற்கும் முன்வாசல் வழியாகவே வரட்டும். ஆனால் வாசனை என்று சொல்ல அவருக்கு இடம் வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குழந்தைக்கு எண்ணெய் இல்லை. சாம்பிராணிப் புகை இல்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த வசம்பை அறுத்தோம். மாற்றுத் துணிகளைச் சவுக்கார வாசனை போகும் வரை பீலியில் அலசினோம். மனைவியும் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. செம்பட்டையாகப் பறந்த தலையோடு அவள் தண்ணீருக்குப் போனபோது, வீட்டில் யாரும் செத்துவிட்டார்களா என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். இல்லை, ஒருத்தி நடக்கப் போகிறாள் என்று இவள் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை மழை விட்டுவிட்டுப் பெய்தது. பிற்பகல் பஸ்ஸில் இறங்கி, குழந்தையின் காலைக் கம்பளி சுற்றாமல் குடைக்கடியில் நீட்டிப் பிடித்தபடி, மனைவி நேராக முன்வாசலால் உள்ளே வந்து மாடி ஏறினாள். தொடை வரை புதிய கட்டு. தொட்டால் குளிர்ந்தது. விசிறிக்கு அருகில் கடைசித் தட்டைக் கொழுந்து பரப்பாமல் காலியாக வைத்திருந்தேன். அதில் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினோம். சூட்டுக் காற்று கட்டின் மேல் படும்படி காலை மட்டும் ஒரு துணிச்சுருளில் உயர்த்தி வைத்தேன். கட்டை நகத்தால் தட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

எங்கள் மாடியில் கொழுந்து பரப்பும் பெண்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். அவர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தார்.

"நல்லாப் பரப்பியிருக்கீங்க தம்பி. பொழுது சாயறதுக்குள்ள வாடிரும். பழக்க தோஷத்துல கீழ எறக்கி உருட்டிராதீங்க."

என் மனைவி அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். துணி மாற்றும் வேலையை அக்கா தானே எடுத்துக்கொண்டார். குழந்தை நனைக்கிற ஒவ்வொரு முறையும் படிக்கு வெளியே கொண்டுபோய் மாற்றித் திரும்பக் கிடத்தினார்.

டீமேக்கர் ஐயா வருவது படியில் கேட்டது. நான் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"சனிக்கிழமை உனக்கு என்ன சொன்னனான்?"

"கொண்டாரக் கூடாதுன்னு சொன்னீங்கய்யா."

"பிறகு?"

"கொண்டாந்துட்டேங்கய்யா."

தட்டுகளுக்குப் பின்னால் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. தேயிலை மணம் பிடிக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவனே நீதானே என்றார். ஒரு பெட்டி பழுதானால் கொழும்பில் யார் பதில் சொல்வது, பெரிய தொரைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள்.

"மோந்து பாருங்கய்யா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்காதபடி, குனிந்தார். தேயிலை மாதிரியைப் பார்க்கும்போது செய்வதுபோலவே கண்ணை மூடி, குழந்தையின் உச்சியை, கழுத்து மடிப்பை, உள்ளங்கையை, கட்டின் ஓரத்தை ஒவ்வொன்றாக முகர்ந்தார். குழந்தை அவர் காதைப் பிடித்துக்கொண்டது. அதை விடுவித்துவிட்டு நிமிர்ந்தார். பொய் சொல்ல அவருடைய மூக்குக்குத் தெரியாது.

"மணமில்லை," என்றார். சற்று நின்று, "மணம் வேற, சட்டம் வேற. இண்டைக்கு உன்ர பிள்ளை, நாளைக்கு எல்லாற்ற பிள்ளையும் வரும். கொண்டு போ."

"காஞ்சதும் கொண்டுபோறேங்கய்யா."

"இப்ப."

"இப்ப மாட்டேங்கய்யா."

பத்து வருடமாக அவரிடம் நான் சொன்ன வார்த்தைகளில் மாட்டேன் என்பது இல்லை. அவருக்கும் அது புதிது. நகரக் கூடாது என்று நின்றேன்.

"அப்ப நாளைக்கு நீ இஞ்ச ஏறத் தேவையில்லை," என்றார். "பெரட்டுக்குப் போ. கவ்வாத்துக்கு ஆள் காணாதாம்."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி மலைக்கு வேலை பிரிக்கும் இடம். இஸ்டோர்காரனை அங்கே அனுப்பி, மழையில் தேயிலைச் செடி வெட்ட விடுவது எல்லோரும் பார்க்கக் கொடுக்கும் தண்டனை.

"சரிங்கய்யா. நாளைக்கு ஏற மாட்டேன். இன்னைக்கு எறங்க மாட்டேன்."

அவர் பலகையில் நான் எழுதியிருந்ததைப் படித்தார். வெப்பமானியைத் தானும் ஒரு தடவை பார்த்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார். மனைவி என் கையைத் தொட்டு, வேலை போய்விட்டதா என்று கேட்டாள். வேலை இருக்கிறது, வேலை செய்யும் இடத்துக்குக் கூரைதான் இல்லை என்றேன்.

விளக்கு ஏற்றும் நேரம் வரை அங்கேயே இருந்தோம். நான் தட்டுக்குத் தட்டு போய்க் கொழுந்தையும் பார்த்தேன், திரும்பி வந்து கட்டையும் பார்த்தேன். அன்று வாட்டத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. குறை என்று சொல்ல யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது அல்லவா. பொழுது சாய்ந்தபோது நகத்தால் தட்டினேன். டொக்கென்றது. அக்காவும் தட்டிப் பார்த்தார். மனைவி தட்டவில்லை, கன்னத்தை வைத்துப் பார்த்து, சில்லிப்பு போய்விட்டது என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் கவ்வாத்து வெட்டினேன். அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளிலும் கட்டு மேல்மாடியில்தான் காய்ந்தது. என் மனைவி முன்வாசலாலேயே போனாள், அக்கா தட்டைக் காலியாக வைத்திருந்தார். செவ்வாய்ப் பிற்பகல்களில் டீமேக்கர் ஐயா மாடி ஏறுவதை நிறுத்திவிட்டார். அது இரக்கமா, வீண் சண்டை எதற்கு என்ற எண்ணமா, எனக்குத் தெரியாது. நான் போய் நன்றி சொல்லவும் இல்லை. பிறகு ஒருநாள் ஒன்றுமே நடக்காததுபோல் என்னை இஸ்டோருக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. நாற்பத்தாறு வயதில் எனக்கு மூச்சு வாங்கும் படிகளில் அவள் எனக்கு முன்னால் ஏறுகிறாள். இடது கெண்டைக்கால் மற்றதைவிடக் கொஞ்சம் மெல்லிசு; ஒரு செருப்பு மற்றதைவிடச் சிறிது. முழுக்கச் சரியாயிற்று என்று எழுதமாட்டேன். கத்தி படவில்லை. வைத்தியர் மாற்றலாகிப் போகுமுன் கடைசியாக ஒருமுறை பாதத்தைத் தாளில் வரைந்தார். சீக்கிரம் வந்த குழந்தைகளில் அதிகம் பேருக்கு நிலைத்தது, சிலருக்குத் திரும்பவும் கோணியது, ஏன் என்று இன்னும் தெரியவில்லை என்றார். என் மகளின் கோடுகள் எல்லாவற்றையும் வரிசையாக மேசையில் பரப்பிக் காட்டினார். கட்டு இளகிய வாரத்தினுடையதும் அதில் இருந்தது. எடுத்துப் போடவில்லையா என்று கேட்டேன். கெட்டுப்போன வாரத்தையும் எழுதினால்தான் கணக்கு என்றார்.

கட்டு முதன்முதலாக மாடியில் காய்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு குழந்தை நன்றாகத் தூங்கியது. நான் தூங்கவில்லை, கவ்வாத்துக் கத்தி யாரிடம் இரவல் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புதன்கிழமை, பெரட்டுக் கொம்பு ஊதுமுன், முதல் வேலையாகக் குழந்தையை வாசலுக்குத் தூக்கி வந்தோம். கட்டு இறுகிவிட்டால் ரத்தம் ஓடாமல் விரல் கறுத்துவிடும், காலையில் எழுந்ததும் நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள், சிவப்பு திரும்ப வேண்டும் என்று நர்ஸ் மனைவியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரலின் நகத்தை அழுத்தினேன். வெளுத்தது. கையை எடுத்தேன். சிவந்தது. மற்ற நான்கையும் மனைவி ஒவ்வொன்றாக அழுத்தினாள்.